வாடிப்பட்டியிலிருந்து வந்த கோடிச் சேலை

செவ்வாய், காலை 5.40

கோயம்புத்தூரில் ஏறிய பேருந்து என்னை ஆரப்பாளையம் நிலையத்தில் இறக்கிவிட்டபோது இன்னும் முழுதாக விடியவில்லை. அதற்குள்ளேயே மதுரை விழித்துக் குளித்து, பாதி வேலையை முடித்திருந்தது. பூக்கூடைக்காரிகள் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு டீ பதினைந்து ரூபாய். நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த லாட்ஜில் நாள் வாடகை அறுநூற்றைம்பது. காலை ஆறு முதல் எட்டு வரை வெந்நீர் வரும் என்று சுவரில் எழுதியிருந்தார்கள். குழாய்க்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் சமூகவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத ஜாதி. ஒரு ஆராய்ச்சிக் குழு என்னைச் சேர்த்துக்கொண்டது. குடும்பங்கள் கஷ்டத்தில் விழும்போது யார் கொடுக்கிறார்கள், யார் வந்து நிற்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. எட்டுப் பக்கப் படிவம் ஒன்று உண்டு. உதவி பெற்ற குடும்பத்தைப் பார்த்து, பக்கத்து ஊரில் இருக்கும் நெருங்கிய சொந்தம் ஒருவரின் பெயரைக் கேட்டு வாங்கி, அவரையும் போய்ப் பார்க்க வேண்டும். அவர் என்ன கொடுத்தார், கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு விதி கண்டிப்பானது: இங்கே கேட்டதை அங்கே சொல்லக்கூடாது, அங்கிருந்து எதையும் இங்கே கொண்டுவரக்கூடாது. தபால்காரர் வேலை பார்க்காதீர்கள் என்று பயிற்சி வகுப்பில் மூன்று தடவை சொன்னார்கள். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

காலை 10.15

ஆரப்பாளையத்திலிருந்து பழங்காநத்தத்துக்கு டவுன் பஸ்ஸில் போனேன். பெண்களுக்குக் கட்டணமில்லை. கொடுப்பதைப் பற்றி ஆராய வந்தவளுக்கு அன்றைய முதல் கொடை அரசாங்கத்திடமிருந்து வந்தது. இறங்கிய இடத்தில் ஜமால் தன் ஆட்டோவோடு காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையாக இருப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் ஒரு சின்னக் குழுவில் தொண்டர். பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை சவாரி ஏற்ற மாட்டார்.

"அக்கா, இது சாவு வீடு. இன்னைக்கிப் பதிமூணாம் நாளு. கேள்வியெல்லாம் கொஞ்சம் மெதுவாக் கேளுங்க" என்றார் வழியிலேயே.

ஒற்றை அறை வீடு. உள்ளே நுழைந்தபோது யாரும் வாங்க என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்ல மாட்டார்கள். மாலை போட்ட படத்தின் முன்னால் விளக்கு எரிந்தது. படத்தில் இருந்தவர் முருகேசன், லோடு வண்டி ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டு எட்டு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர். பாயில் உட்கார்ந்திருந்தது அவர் மனைவி செல்வி. வயது முப்பத்துநான்கு. தையல் கம்பெனியில் வேலை. பக்கத்தில் முருகேசனின் அம்மா முத்தம்மா, கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாலாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: வெளியாரிடமிருந்து சாப்பாடு பெற்றதுண்டா? இந்தக் கேள்விக்குச் சாவு வீடுகளில் 'இல்லை' என்றுதான் பதில் வரும். மூன்று நாளுக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது, தூக்குவாளி தூக்குவாளியாகச் சம்பந்தி வீட்டிலிருந்து சோறு வரும். ஆனாலும் 'இல்லை' என்பார்கள். ஏனென்றால் அது உதவியில்லை, முறை. முறையை யாரும் உதவிக் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் படிவத்தைத் தயாரித்தவர்களுக்கு இது தெரியவில்லை.

செல்வி மட்டும், "ஆமா, வாங்குனோம். மூணு நாளும் ஜமால் அண்ணன்தான் கொண்டாந்தாக" என்றாள்.

"சம்பந்தி வீட்டுச் சோறு வரணும்ல. வரல" என்றாள் முத்தம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

செல்வியின் சொந்த ஊர் வாடிப்பட்டிக்குப் பக்கம். முருகேசன் வேறு சாதி. பதினொரு வருஷத்துக்கு முன்னால் இவள் அவரோடு கிளம்பி வந்தாள். அன்றோடு பிறந்த வீட்டுப் போக்குவரத்து நின்றுபோயிற்று. அப்பா அம்மா இப்போது இல்லை. இருப்பது ஒரே அண்ணன், பெயர் தவசி. நெருங்கிய சொந்தம் என்று படிவத்தில் எழுத அவர் பெயரைத்தான் சொன்னாள்.

"அவுகளப் போயிப் பாப்பீகளா?"

"பார்க்கணும்மா. நாளைக்கு."

அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வெள்ளிக்கிழம கருமாதி. காலையில கோடி போடுவாக. மாமியா வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் இருப்பாக. பொறந்த வீட்டுக் கோடி வரலைன்னா நான் நாதியத்தவ மாதிரி நிக்கணும் டீச்சர். எனக்குச் சோறு வேணாம், காசு வேணாம். ஒரு சேல. நூறு ரூவாச் சேலையா இருந்தாலும் சரி. அண்ணன் கையால வந்தாப் போதும். வெள்ளிக்கிழமன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க."

கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து தோளில் போடுவதுதான் கோடி. போடும்போது ஊரே பார்க்கும். யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்கும்.

நான் விதியைச் சொன்னேன். எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, "சரிங்க டீச்சர்" என்றாள்.

புதன், காலை 9.00

ஆரப்பாளையத்திலிருந்து வாடிப்பட்டி இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. திண்டுக்கல் போகும் சாதாரணப் பேருந்தில் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. சமயநல்லூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னையும் வாழையும். நடுவில் தரிசாகக் கிடந்த நிலங்களில் மனைக் கற்கள். பக்கத்து இருக்கைப் பெண்மணி மடியில் ஒரு நெல் மூட்டை அளவுக்குப் பை வைத்திருந்தார். "கொஞ்சம் தள்ளிக்கங்க அக்கா" என்று என்னிடம் சொன்னார், தள்ளுவதற்கு இடமே இல்லாதபோது.

தவசியைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. பேருந்து நிற்கும் இடத்திலேயே அவருடைய மோர்ப் பந்தல் இருந்தது. கீற்றுக் கொட்டகை, மூன்று பானை, சாக்குத் துணி சுற்றி நனைத்திருந்தார்கள். கோடை முழுக்க வந்து போகும் பேருந்துகளின் ஜன்னலுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் மோர் நீட்டுவாராம். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி. மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டுத்தான் யார் என்று கேட்டார். நல்ல மோர். இஞ்சியும் கறிவேப்பிலையும் தாராளமாக இருந்தன.

வீடு கடைக்குப் பின்னால். அவர் மனைவி பேச்சியம்மா காப்பி கொடுத்துவிட்டு உள்வாசலில் நின்றாள். தவசி சந்தோஷமாகப் பதில் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு மின்சாரக் காத்தாடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு இறக்கையிலும் உபயம் தவசி என்று எழுதியிருக்கிறதாம். சுற்றும்போது எப்படிப் படிப்பார்கள் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. கோயில் அன்னதானத்துக்கு அரிசி. விபத்தில் கால் போன ஒருவருக்கு மூன்று சக்கர வண்டி. பொய்யில்லை. கடைக்கு வந்தவர்களும் அதைச் சொன்னார்கள். நான் இதுவரை பார்த்த கொடையாளிகளில் கையும் மனசும் விரிந்தவர்களில் அவர் ஒருவர் என்று எழுதிக்கொண்டேன்.

"சொந்தக்காரங்க யாருக்காவது இந்த வருஷம் உதவி செஞ்சிருக்கீங்களா?"

"எங்க சொந்தத்துல கஷ்டப்படுறவுக யாரும் இல்ல மேடம்."

இந்த இடத்தில் நான் அடுத்த கேள்விக்குப் போயிருக்க வேண்டும். பேனாவை மூடினேன். "பழங்காநத்தத்துல உங்க தங்கச்சி..." என்றேன்.

உள்வாசலில் நின்ற பேச்சியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

தவசி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எனக்குத் தங்கச்சி இல்ல மேடம். அவளுக்குத் தல முழுகிப் பதினோரு வருசமாச்சு. எங்கய்யா சாகுறப்ப என் கையப் பிடிச்சுச் சத்தியம் வாங்குனாரு. ஊருக்குள்ள நான் நாலு பேரு முன்னால நிக்கிறவன். போயி நின்னேன்னா எம்மக்களுக்கு நாளைக்கி எவன் பொண்ணு குடுப்பான்?"

"வெள்ளிக்கிழமை கருமாதியாம்."

"அடுத்த கேள்வி என்ன?" என்றார்.

மீதி இரண்டு பக்கத்தையும் கேட்டு முடித்தேன். என்ன கேட்டேன், என்ன எழுதினேன் என்று இப்போது நினைவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெயிலாக இருக்கிறது என்று சொல்லி நிழல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

பேருந்துக்காக நின்றபோது பேச்சியம்மா கடைக்குப் பின்பக்கச் சந்திலிருந்து வேகமாக வந்தாள். கையில் மஞ்சள் பை. மூச்சு வாங்கியது. "சேல இருக்கு. புதுசு, நான் கட்டல. செல்விகிட்டக் குடுத்துருங்க. நான் குடுத்தேன்னு சொல்லிறாதீக. ஏதோ தர்ம ட்ரஸ்ட்டுல குடுத்தாகன்னு சொல்லிருங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வீட்ட ரெண்டாக்கிருவாரு." நான் பதில் சொல்வதற்குள் திரும்பிப் போய்விட்டாள். பைக்குள் காப்பிக்கலர் நூல் சேலை, கடைக் காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

வியாழன், மாலை 4.30

மறுபடியும் பழங்காநத்தம். ஒரு விதியை வாடிப்பட்டியிலேயே மீறியாயிற்று. பேச்சியம்மா கேட்டுக்கொண்ட ரகசியத்தையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தேன். இந்த மாதிரி நேரத்தில்தான் எனக்கு நேர்மை வரும்.

செல்வி பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். "யாரு குடுத்தது?"

"ட்ரஸ்ட்டுல கொடுத்தாங்கம்மா."

அந்த வெளிச்சம் போனதை நான் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மோசமான பொய் அதுதான். அவள் சேலையை மடிப்புக் கலையாமல் பைக்குள் வைத்தாள். "எனக்குச் சேல இருக்கு டீச்சர். இல்லாதவுக யாருக்காச்சும் குடுத்துருங்க. தர்மச் சேலையக் கோடின்னு சொல்லி மாமியா வீட்டு ஆளுகள நான் ஏமாத்தக் கூடாது."

ஆட்டோவில் சாய்ந்து நின்ற ஜமால் என்னைப் பார்த்தார். அவரிடம் வழியில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "அக்கா, வாயத் தொறந்து சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பேச்சியம்மா ஓடிவந்ததை, மூச்சு வாங்கியதை, அண்ணனுக்குத் தெரியாது என்பதை, எல்லாவற்றையும். செல்வி சேலையை மறுபடி எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். பதினைந்து நாளாக அழுது வறண்டு போயிருந்தவள் சத்தமில்லாமல் குலுங்கினாள். முத்தம்மா எழுந்து வந்து அவள் முதுகைத் தடவினாள்.

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள் செல்வி, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"இல்லம்மா."

"மதினி பேரு வெளிய வரவேணாம். ஒங்க தாளுல ட்ரஸ்ட்டுன்னே எழுதிக்கங்க. அவ அங்க பொழைக்கணும்ல."

சேலை வந்துவிட்டது. ஆனால் கோடி வீட்டுக்குள் கிடப்பதல்ல. தெருமுனையிலிருந்து பிறந்த வீட்டார் தாம்பாளத்தில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அதைத் தூக்க ஆள் யார்? முத்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒங்க வீட்டுக்காரரு இருக்காரா டீச்சர்?"

"இல்லம்மா. நாலு வருஷமாச்சு."

"அப்பப் போடலாம். புருசன் இருக்குறவதான் கோடி போடக் கூடாது. நீங்களே தூக்கிட்டு வாங்க."

பயிற்சி வகுப்பில் மூன்று தடவை சொன்ன வாக்கியம் எனக்கு ஞாபகம் வராமலில்லை. சரி என்றேன்.

வெள்ளி, காலை 7.00

தாம்பாளம் ஜமால் வீட்டிலிருந்து வந்தது. அவர் மனைவி புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தனுப்பியிருந்தார். "எங்கள்லயும் மௌத்து வீட்டுல மூணு நாளைக்கி அடுப்புப் பத்த வைக்க மாட்டாக அக்கா. சொந்தக்காரவுகதான் கொண்டாந்து குடுப்பாக. எல்லா எடத்துலயும் துக்கம் ஒண்ணுதான்" என்றார் ஜமால். ஒரு படி அரிசி பரப்பி, அதன் மேல் சேலையை வைத்தோம்.

தெருமுனையில் பிறந்த வீட்டார் நின்றோம். பிறந்த வீட்டார் என்றால் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தியும், சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்த ஆட்டோ டிரைவர் ஒருவரும். வேறு யாருமில்லை. உள்ளேயிருந்து முத்தம்மா ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து எங்களை அழைத்துப் போனாள். தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "எந்த ஊருத்தா?" என்றார்.

"வாடிப்பட்டிங்க" என்றேன். சேலையைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

செல்வி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு முறை எதுவும் தெரியாது. முத்தம்மா கண்ணால் காட்டிக் காட்டிச் செய்ய வைத்தாள். சேலையை விரித்து அவள் தோளில் போட்டேன். முத்தம்மா கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சு. எல்லாரும் பாத்துக்கங்க." பெண்கள் ஒப்பாரியை எடுத்தார்கள். செல்வி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று அழுதாள். அவள் கூப்பிட்ட ஆள் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி யாருக்கோ மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். நானும் அழுதேன். அதை மறைக்க எனக்கு இடமும் இல்லை, விருப்பமும் இல்லை.

சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்தேன்.

வெள்ளி, பிற்பகல் 2.30

கோயம்புத்தூருக்கு நேரடிப் பேருந்து தயாராக நின்றது. அது வாடிப்பட்டிக்குள் போகாது. திண்டுக்கல் போகும் சாதாரணப் பேருந்தில் ஏறினேன். தவசியைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்தது. காத்தாடியில் பெயர் எழுதுபவருக்குச் சேலையில் எழுத என்ன கஷ்டம் என்று கேட்கலாம். சமயநல்லூர் வரைக்கும் அந்த வாக்கியத்தைத் திருத்தித் திருத்திக் கூர்மையாக்கினேன். கல்லூரியில் பழகிய வித்தை.

என் கணவர் இறந்தபோது எங்கள் அடுக்குமாடியில் குறை ஒன்றும் இல்லை. சங்கத்தார் ஃபோனில் சொல்லி வரவழைத்த சாப்பாடு மூன்று நாளும் நேரத்துக்கு வந்தது. ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி, வர முடியவில்லை என்று என் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பி, குறிப்பில் 'கோடிக்கு' என்று எழுதியிருந்தான். வங்கிச் செய்தியோடு செய்தியாக அது வந்தது. நான் சேலை வாங்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வாடிப்பட்டியில் பேருந்து நின்றது. பந்தலிலிருந்து தவசி தட்டோடு வந்து ஒவ்வொரு ஜன்னலாக மோர் நீட்டினார். என் ஜன்னலுக்கு வந்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். டம்ளரை நீட்டிய கை அப்படியே நின்றது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சேலையப் போட்டாச்சா மேடம்?"

தலையை ஆட்டினேன்.

"எம்பொஞ்சாதி பீரோவத் தொறந்து எடுத்தத நான் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. நான் பாத்தேன். பாத்துட்டுக் கடைக்குப் போயிட்டேன்." கண்ணை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "யாரு தூக்கிட்டுப் போனது?"

"நான்தான்."

நடத்துநர் விசில் கொடுத்தார். பேருந்து நகர்ந்தது. தவசி தட்டைப் பிடித்துக்கொண்டே ஜன்னலோடு நாலு எட்டு நடந்து வந்தார். தட்டிலிருந்த டம்ளர்களில் மோர் தளும்பி அவர் வேட்டியில் கொட்டியது.

"நாலு பேரு பாத்தாகளா?"

கூர்மையாக்கி வைத்திருந்த வாக்கியம் எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. "எல்லாரும் பாத்தாங்கண்ணே" என்றேன்.